அப்பா ஏன் இப்படி மாறிவிட்டார்? மூளை இரத்தக்கசிவுக்குப் பிறகு வரும் கோபம், அழுகை, மௌனம்

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டது இது. அவருடைய அப்பாவுக்கு வயது 61, பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் மூளையின் வலது பக்கத்தில், உள்ளாழத்தில், இரத்தக்கசிவு. நெடுநாள் இரத்தக் கொதிப்புதான் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். சமூக மருத்துவமனையில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், இடது கை மட்டும் சரியாக வரவில்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டார். பிள்ளைகளை அதட்டிக்கூடப் பேசாதவர் சோற்றுத் தட்டை வீசுகிறார். தொலைக்காட்சியில் ஒரு குழந்தை ஓடிவந்தால் தேம்பி அழுகிறார். மற்ற நேரமெல்லாம் சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "வேணும்னே பண்றாரு" என்கிறார் அம்மா. யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்கிறார் அத்தை. இது மனநோயா, பழைய அப்பா திரும்பி வருவாரா என்று மகள் கேட்கிறார்.

சகோதரி, நான் 20 ஆண்டுகளுக்கு மேல் மறுவாழ்வு வார்டுகளில் தாதியாக வேலை பார்த்தவள். என் அண்ணனுக்கும் இதே மாதிரி இரத்தக்கசிவு வந்தது. அதனால் உங்கள் அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. தட்டை வீசுவதும் அழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் அடிபட்ட மூளையிலிருந்து வருகின்றன. இடது கை எந்தக் காரணத்தால் தூக்க முடியாமல் இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் கோபத்தையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கை விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

என் அண்ணனை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாள்களில் எல்லாம் இருந்தது. எப்படி நடக்க வைப்பது, சாப்பாட்டை எவ்வளவு மசிப்பது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. மனநிலை மாறும் என்று ஒரு வரிகூட இல்லை. தாதியாக இருந்தும் நானே அவரை இரண்டு மூன்று முறை திட்டியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. நீங்கள் ஐந்தாவது மாதத்திலேயே கேட்டுவிட்டீர்கள். அது நல்லது.

மூளைக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். இரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால், மூளையின் உள்ளாழத்துக்குப் போகும் மெல்லிய குழாய்கள் தேய்ந்து ஒருநாள் வெடிக்கின்றன. பேசல் கேங்லியா, தாலமஸ் என்று சொல்லப்படும் பகுதிகளில்தான் இது அதிகம் நடக்கும். கசிந்த இரத்தம் கட்டியாகி அக்கம்பக்கத்தை நெருக்குகிறது, சுற்றிலும் வீக்கம் வருகிறது. வாரங்கள், மாதங்கள் போகப் போக உடம்பே அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். ஸ்கேன் எடுத்தால் "இரத்தம் போயிடுச்சு" என்பார்கள். ஆனால் அது நெருக்கி அறுத்த நரம்பு இழைகள் அப்படியே முளைத்துவிடுவதில்லை. அந்த இழைகளில் முக்கியமானவை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கும் இந்த உள்ளாழப் பகுதிகளுக்கும் இடையே ஓடுபவை. எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும், எப்போது எழுந்து ஒரு வேலையைத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ஓட்டம்தான். உங்கள் அப்பா பேருந்து ஓட்டியவர், அவருக்கே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக்குக்குப் போகும் குழாயில் ஓட்டை. என் அனுபவத்தில் ஆண்களுக்கு இந்த விளக்கம் உறைக்கும், அவமானமும் குறையும்.

வலது பக்கம் என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கிறது. வலதில் கசிந்தால் பேச்சு தப்பிவிடும். தெளிவாகப் பேசுகிறாரே, மூளை நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று வீடு முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் மற்றவர் முகத்தைப் படிப்பதிலும், குரலில் இருக்கும் வருத்தத்தையோ கிண்டலையோ பிடிப்பதிலும் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் அம்மா எதிரில் கண் கலங்கி நின்றாலும் அவருக்கு அது எட்டாமல் போகலாம். அவருடைய குரலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் வறண்டு வரலாம், அன்பாகச் சொல்வதுகூட எரிச்சலாகக் கேட்கும். தன் குறையே தனக்குத் தெரியாமல் போவதும் வலது மூளை பாதிப்பில் அதிகம். "எனக்கு ஒண்ணுமில்ல, அடுத்த வாரம் பஸ் எடுப்பேன்" என்று அவர் சொன்னால் அது வீம்பு இல்லை. மூளையால் அந்தக் குறையைக் கணக்கில் எடுக்க முடியவில்லை. வாதாடி நிரூபிக்க முயன்றால் சண்டைதான் வரும். "டாக்டர் ஓகே சொன்னதும் பார்க்கலாம்ப்பா" என்று தள்ளிவையுங்கள்.

இனி நீங்கள் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "டிப்ரஷன்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அது தவறு, கையாளும் விதம் மூன்றுக்கும் வேறு.

அழுகையில் தொடங்குகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில்கூட அழுகை வருகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றும் விடுகிறது, நின்றதும் "ஏன் அழுதேன்னே தெரியல" என்கிறார் என்றால் அது பெரும்பாலும் துக்கம் கிடையாது. அழுகையைத் தூண்டும் அமைப்பு கட்டுப்பாடு அறுந்து தானாக ஓடுகிறது. மூளை இரத்தக்கசிவும் ஒரு வகைப் பக்கவாதம்தான். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, காலம் போகப் போகக் குறைகிறது. சிலருக்கு அழுகைக்குப் பதிலாக அடக்க முடியாத சிரிப்பு வரும், துக்க வீட்டில்கூட. அந்த நேரத்தில் எல்லோரும் சூழ்ந்து நின்று "ஏன்ப்பா அழற, என்ன குறை உனக்கு" என்று கேட்டால் அழுகை கூடும். பார்வையைக் கொஞ்சம் விலக்கி, "இந்தாப்பா தண்ணி" என்று கையில் கோப்பையைக் கொடுத்து, உட்கார்ந்த நிலையை மாற்றச் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். நாளுக்குப் பலமுறை வந்து வெளியே போகவே கூச்சப்படுகிறார் என்றால் மருந்து உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதற்கும் நன்றாகவே வேலை செய்கின்றன.

சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடச் சிக்கலானது. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. நாள் முழுக்க முகம் இருண்டிருக்கும், தூக்கம் கெடும், பசி போகும், "உங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு வரும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும். இன்னொன்று தூண்டுதல் அறுந்துபோவது. இவர் சோகமாக இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், குளி என்றால் குளிப்பார், தானாக எதையும் தொடங்க மாட்டார். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், அது உண்மையும்கூட. இதுவும் மனச்சோர்வு அளவுக்கே பரவலானது, ஆனால் சோம்பேறித்தனம் என்ற பழியைத்தான் அதிகம் வாங்குகிறது. இவருக்கு மாத்திரையைவிட வெளியிலிருந்து வரும் உந்துதல் பயன்படும். "எங்கேயாவது போலாமா" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் "வேண்டாம்" என்றுதான் வரும். சட்டையை எடுத்துவைத்து, "பத்து மணி ஆச்சு, கீழே காப்பி குடிச்சிட்டு வரலாம்" என்று கிளம்புங்கள். தினமும் அதே மணிக்கு, அதே கடைக்கு.

இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிப்பதில் நம் ஆட்களிடம் ஒரு சிரமம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் சொல்வதில்லை. தலை கனக்குது, உடம்பு முடியல, நெஞ்சு அடைக்குது என்பார்கள். அதுவும் ஆங்கிலத்தில் கேட்கும் இளம் மருத்துவரிடம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவ சமூக ஊழியரோ இருக்கிறார்களா, மொழிபெயர்க்க ஆள் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மனநிலைச் சோதனையைத் தாய்மொழியில் செய்தால் வரும் பதிலே வேறு.

அப்புறம் கோபம். உங்கள் வீட்டை இப்போது ஆட்டிவைப்பது இதுதான் என்று தெரிகிறது. மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது. எழுதிய குடும்பங்களில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும். மாலையில் அதிகம், ஏனென்றால் காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடுகிறது, ஒரு மணி நேர உடற்பயிற்சியே அதற்கு முழுநாள் வேலை. பல பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, தொலைக்காட்சி ஓடும்போது, பசியின்போது, இடது தோளை யாராவது இழுத்துச் சட்டை மாட்டும்போது வரும். பலவீனமான தோள் வலிக்கும், அந்த வலியை அவரால் சொல்லத் தெரியாமல் கோபமாக வெளியே வரும். தீபாவளியன்று உறவினர்கள் 30 பேர் வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நிறைந்து எல்லோரும் அவரை நலம் விசாரித்தபோது என் அண்ணன் முறுக்குத் தட்டைத் தரையில் அடித்தார். நாங்கள் அவமானப்பட்டோம். அவருக்கு அது பத்து வானொலிகளை ஒரே நேரத்தில் அலறவிட்ட மாதிரி இருந்திருக்கிறது, பல மாதம் கழித்து அவரே சொன்னார். அடுத்த தீபாவளிக்கு இரண்டு இரண்டு பேராக வரச் சொன்னோம், நடுவில் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு சத்தம் இல்லை.

கோபம் கிளம்பியபின் நியாயம் பேசாதீர்கள். அந்த நிமிடத்தில் நியாயம் கேட்கும் பகுதி வேலை செய்யவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அவர் விழாத நிலையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, 15 நிமிடம் விலகிப் போங்கள். திரும்பி வரும்போது நடந்ததைக் கிளறாமல் காப்பியோடு வாருங்கள். கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிட்டு மெலமைன் தட்டு வையுங்கள். கைநீட்டும் அளவுக்குப் போனால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையில் இரத்தம் கசிந்தவர்களுக்கு வலிப்பு வராமலிருக்க லெவெடிரசெட்டம் கொடுப்பதுண்டு, கெப்ரா என்ற பெயரிலும் கிடைக்கும். நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் மனச்சோர்வையும் அதுவே உண்டாக்கும், இது அறியப்பட்ட பக்கவிளைவு. உங்கள் அப்பாவின் மருந்துப் பையில் அது இருந்து, தொடங்கிய பிறகு அல்லது அளவு கூட்டிய பிறகு கோபம் ஏறியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கான செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றுக்கும் ஒரு விஷயம் உண்டு. அவை இரத்தம் கசியும் வாய்ப்பைச் சற்றே கூட்டக்கூடும். அதனால் இரத்தக்கசிவு வந்தவருக்கு மருத்துவர் லாபநட்டம் பார்த்துத்தான் எழுதுவார். எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் கொடுங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், பத்து நாளில் "கேக்கல" என்று கைவிடாதீர்கள். மது வேண்டவே வேண்டாம். ஒரு பீர்தானே என்பார்கள் நண்பர்கள். அது இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், இருக்கிற கொஞ்சம் பிரேக்கையும் பிடுங்கிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் இதை மறைத்து மறைத்துத் தவிக்கின்றன. கட்டுப்பாடு தளர்ந்தவர் சில சமயம் இல்லப் பணிப்பெண்ணிடமோ தாதியிடமோ தகாத வார்த்தை பேசுவார், கையைப் பிடிப்பார். வாழ்நாள் முழுக்க ஒழுக்கமாக இருந்தவருக்கும் வரும். இதுவும் நோயின் பகுதிதான், ஆனால் அந்தப் பெண் அதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. "அப்பா, இது சரியில்லை" என்று உறுதியாகச் சொல்லி, குளிப்பாட்டுவதை மகனோ மருமகனோ எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் வார்டில் இதையெல்லாம் பார்த்தவர்கள், யாரும் உங்கள் அப்பாவைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் "அது அப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு நாளில் திடீரென்று குழப்பமும் கோபமும் வந்தால் சிறுநீர்த் தொற்றோ இரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். மெல்ல மெல்ல மந்தமாகி, கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடந்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் மூளைக்குள் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குச் சிகிச்சை உண்டு. கடுமையான தலைவலி, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், புதிதாகக் கை கால் இழுப்பது என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995. செத்துப்போகிறேன் என்ற பேச்சு வந்தால் அதையும் அவசரமாகவே எடுங்கள். மனநலக் கழகத்தின் 6389 2222, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸின் 1767 இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அத்தைக்கு என்ன சொல்வது? சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யட்டும், அப்பாவையும் கூட்டம் இல்லாத நேரத்தில் கூட்டிப்போங்கள், மனசுக்கு நல்லது. மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். செய்வினை என்ற பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பயத்தையும் சந்தேகத்தையும் வளர்க்கும்.

இன்னொரு வகைப் பேச்சும் வரும். அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் 2016 மே மாதம் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சரிந்தார், ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பிவிட்டார், உங்கள் அப்பாவுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் என்பார்கள். அவர் மீண்டது உண்மையிலேயே மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அவருக்கு வந்தது மூளைத் தமனியில் இருந்த வீக்கம் வெடித்ததால். உங்கள் அப்பாவுக்கு உள்ளாழத்துச் சிறு குழாய். கசிந்த இடம், அளவு, வயது எல்லாம் சேர்ந்துதான் முடிவு. தமனி வீக்கம் வெடித்தவர்களிலும் நினைவும் குணமும் நெடுநாள் மாறிக் கிடந்தவர்களை நான் பராமரித்திருக்கிறேன். ஒப்பிட வேண்டாம்.

பழைய அப்பா வருவாரா? நேர்மையாகச் சொல்கிறேன். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகு நிற்பதில்லை, மெதுவாகிறது. அழுகை பெரும்பாலும் அடங்கும். கோபம், சூழலையும் மருந்தையும் தூக்கத்தையும் சரிசெய்தால் நன்றாகவே குறையும். தூண்டுதல் இல்லாமைதான் அதிக நாள் இழுக்கும். என் அண்ணன் இரண்டாவது ஆண்டில்தான் தானாக எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். அவர் முழுக்கப் பழைய ஆளாகத் திரும்பவில்லை. முன்பைவிடச் சுருக்கமாகப் பேசுகிறார், கூட்டத்தைத் தவிர்க்கிறார். ஆனால் அவர் எங்கள் அண்ணன்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

நடைமுறைக்கு வருவோம். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும் மருந்துப் பையையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் அந்தக் கொஞ்ச நேரம் அப்பா அமைதியாகத்தான் இருப்பார், எழுதியதுதான் உண்மையைச் சொல்லும். நரம்பியல் உளவியலாளரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர் போன்றவற்றுக்கு ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 எண்ணில் அழையுங்கள். சிங்கப்பூர் தேசியப் பக்கவாதச் சங்கத்தில் இதே பாதையில் போன குடும்பங்களைச் சந்திக்கலாம். பணவிஷயத்தில் அவசர முடிவுகள் எடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். பின்னால் தன்னால் முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தை, அவருக்கு விளங்கிக்கொள்ளும் திறன் இருக்கும்போதுதான் எழுத முடியும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் இதைப் பேசுங்கள்.

கடைசியாக அம்மா. "வேணும்னே பண்றாரு" என்று அவர் சொல்வதில் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருக்கும். 30 ஆண்டோ 35 ஆண்டோ கூட வாழ்ந்த மனிதர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவரைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு அழக்கூட நம் ஊரில் இடமில்லை, "உயிரோட இருக்காரே, அதுக்குச் சந்தோஷப்படு" என்றுவிடுவார்கள். வாரத்தில் இரண்டு பிற்பகலாவது நீங்களோ தம்பியோ அப்பாவோடு இருந்து அம்மாவை வெளியே அனுப்புங்கள், தேக்காவுக்கோ தங்கை வீட்டுக்கோ. இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்பாவுக்குக் காலையில் இரத்த அழுத்தம் பார்க்கும் அதே கருவியில் அம்மாவுக்கும் பாருங்கள், அவர் வேண்டாம் என்று சொன்னாலும்.